கடைசியில் எழுதியதே நிற்கும்

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அந்தப் பதினெட்டு நாட்களைப் பற்றி யாராவது கேட்டால் இப்படித்தான் ஆரம்பிக்கவேண்டும் என்று மனசுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்திருக்கிறேன். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ என்பதை எழுதும்போதே எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். வீடுகளுக்கும் கடைகளுக்கும் இன்டர்நெட் கொடுக்கிற சின்னக் கம்பெனி. கீழே இருக்கிற ஊர்களுக்குக் கேபிள் இழுத்திருக்கிறோம். கல்வராயன் மலைக்குக் கேபிள் இல்லை, டவரிலிருந்து டவருக்கு ரேடியோதான். நான் வடக்கனந்தல்காரி. சென்னையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். ஒருநாள் காலையில் எங்கள் குழு மொத்தத்தையும் ஒரே மெயிலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்த புதிதில் பார்க்கிறவர்களெல்லாம், “இன்னா, லீவா?” என்று கேட்டார்கள். மூன்றாவது மாதம் யாரும் கேட்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. அப்போதுதான் இந்த முதலாளி கூப்பிட்டார். என் படிப்புக்கும் திமிருக்கும் ஏற்ற மாதிரி இந்தப் பக்கத்தில் இருந்த ஒரே வேலை அது. போனால் வேறு கிடையாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். சாக்காகத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது, இருக்கட்டும்.

ஒவ்வொரு டவரின் அடியிலும் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். நாம் பார்க்கிற வீடியோ, அனுப்புகிற போட்டோ எல்லாமே துண்டு துண்டாகத்தான் போகும். அந்தத் துண்டுக்குப் பெயர் பாக்கெட். அந்தப் பெட்டி ஒவ்வொரு பாக்கெட்டையும் வாங்கிப் பார்த்து, யாருடையது என்று பிரித்து, அவருக்கு எவ்வளவு வேகம் கொடுக்கவேண்டும் என்று அளந்து அனுப்பிவைக்கும். இதையெல்லாம் செய்வது ஒரே பெரிய புரோகிராம் கிடையாது. வாங்குவதற்கு ஒன்று, பிரிப்பதற்கு ஒன்று, வேகத்தைக் கட்டுப்படுத்த ஒன்று என்று தனித்தனி மாட்யூல்கள். எதற்குப் பின் எது என்று ஒரு ஃபைலில் எழுதிவைத்தால் அந்த வரிசையில் கோத்துக்கொண்டு ஓடும். ஒவ்வொரு மாட்யூலின் பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறி போட்டு, அதற்குச் சொல்லவேண்டிய விவரங்களை உள்ளே எழுதவேண்டும். அவற்றுக்குத்தான் ஆர்குமெண்ட் என்று பெயர்.

டீக்கடையில் போய், “ஒரு டீ, ஸ்ட்ராங்கா, சக்கர கம்மியா” என்கிறோம். டீ என்பது மாட்யூல் என்றால் மற்ற இரண்டும் ஆர்குமெண்ட். “சக்கர கம்மியா... இல்ல மாஸ்டர், சக்கரையே வேணாம்” என்று மாற்றிச் சொன்னால் மாஸ்டர் கடைசியில் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்வார். எங்கள் பழைய புரோகிராமும் அப்படித்தான் இருந்தது. இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும். ‘வேகம்’ என்ற பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளும். இரண்டு தடவை எழுதியிருந்தால் இரண்டாவது எண் முதல் எண்ணின்மேல் உட்கார்ந்துகொள்ளும். யாரும் யோசித்து அப்படிச் செய்யவில்லை, அப்படி அமைந்துவிட்டது.

மலைமேல் இருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மலைக்காரர். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அவர் ஊர், வயசு நாற்பதுக்குப் பக்கம். மலையில் எங்கள் கம்பெனிக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். டவர் ஏறுவார், பேட்டரி மாற்றுவார், மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கிடந்தால் வெட்டி வழிவிடுவார். ரேடியோ அடிக்கடி போய்விடும் என்பதால் சில சமயம் அங்கேயே லேப்டாப்பை மாட்டி ஃபைலை மாற்றவேண்டியிருக்கும். நான் போனில் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. “புள்ளி இல்லணா, கமா, வால் வெச்ச புள்ளி, வால் வெச்சது” என்று கத்துவேன். அவர் ஒருதடவைகூடத் திருப்பிக் கத்தியதில்லை. “இருங்க மேடம், வெரலு பெருசு, ரெண்டு பட்டன் சேந்து அமுங்குது” என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபைலில் ஒரு வரியை அழித்துவிட்டாராம். மலையில் ஒரு பக்கம் முழுக்க லைன் போய்விட்டது. முதலாளி போனிலேயே அவரைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டு, “ஆபீஸ்ல எழுதினத இனிமே அழிக்காத. மாத்தணும்னா பக்கத்துல எழுது” என்று சொன்னாராம். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எதை மாற்றச் சொன்னாலும் பழையதைத் தொடமாட்டார், அதன் பக்கத்தில் புதியதை எழுதுவார். மலை டவர்களின் ஃபைலைத் திறந்தால் எல்லாம் ஜோடி ஜோடியாக இருக்கும். வேகம் ஐந்து, வேகம் பத்து. எனக்கு அதைப் பார்த்தாலே கை அரிக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“இன்னாத்துக்குணா பழச வெச்சிக்கினு இருக்கீங்க? அழிச்சிட்டு எழுதலாம்ல?”

“எங்க கொல்லையில எல்லைக்கல்லு மாத்துனா பழைய கல்லப் புடுங்கமாட்டோம் மேடம். பக்கத்துல இன்னொன்னு நடுவோம். நாளைக்கு ஒரு பேச்சு வந்தா முன்ன எது இருந்துச்சின்னு தெரியணும்ல?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, அப்படியே வெச்சிக்கோங்க. கடைசியா எழுதினதுதான் நிக்கும். ஒன்னும் ஆவாது” என்றேன்.

“கடைசியா எழுதினதுதான் நிக்கும்” என்று அவர் ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “சரிங்க மேடம்.”

இதை நான்தான் சொன்னேன், என் வாயால் சொன்னேன். ஒன்றரை வருஷம் கழித்து அதை மாற்றியதும் நான்தான். மாற்றினேன் என்பதே எனக்குத் தெரியாது.

மாட்யூல்களை ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றும் தன் ஆர்குமெண்ட்டுகளைத் தன் இஷ்டத்துக்குப் படித்தது. ஒன்று எண்ணுக்குப் பின்னால் அலகு கேட்கும், இன்னொன்று அலகைப் பார்த்தாலே படுத்துவிடும். ஒரு பிழை வந்தால் எந்த மாட்யூலில் என்று தேடுவதற்குள் மண்டை காய்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே பார்சர் எழுதிவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். பார்சர் என்பது அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படித்துப் பிரித்துக் கொடுக்கிற பகுதி. மாட்யூல்கள் அதனிடம் தேவையானதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். “ஓடிக்கினு இருக்கறத ஏம்மா நோண்டுற?” என்றார் முதலாளி. நான் விடவில்லை. இரண்டு வாரம் மல்லுக்கட்டிச் சம்மதிக்கவைத்தேன்.

நன்றாகத்தான் எழுதினேன், இன்றைக்கும் அதைச் சொல்வேன். ஒரு மாட்யூல் ‘வேகம்’ வேண்டும் என்று கேட்டால் என் பார்சர் வரிசையில் தேடும். முதலில் தட்டுப்பட்ட ‘வேகம்’ எதுவோ அதை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தேடலை நிறுத்திக்கொள்ளும். இன்னொன்று பின்னால் இருக்கக்கூடும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கீழே இருக்கிற டவர்களின் ஃபைல்களை வைத்துத்தான் சோதித்தேன். அவற்றில் எதுவும் ஜோடியாக இல்லை. ஜோடி ஜோடியாகப் பார்த்து எரிச்சல்பட்டவளே நான்தான், சோதிக்கும்போது அது நினைவுக்கு வரவேண்டாமா?

அதையாவது மறதி என்று விட்டுவிடலாம். அடுத்ததை அப்படி விடமுடியாது. யாரும் கேட்டு வாங்காமல் ஏதாவது ஆர்குமெண்ட் மிச்சம் கிடந்தால், ‘இது எதற்கு என்று தெரியவில்லை, வந்து பார்’ என்று சொல்லிப் பெட்டி கிளம்ப மறுக்கவேண்டும் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அது இருந்திருந்தால் எல்லாம் முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருக்கும். ஆனால் உளுந்தூர்பேட்டைப் பக்கம், களமருதூர் டவர் ஃபைலில் யாரோ என்றைக்கோ எழுதிவைத்த வேண்டாத சொற்கள் கிடந்தன. சோதனையில் அந்தப் பெட்டி கிளம்பவில்லை. முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன்” என்று ஆரம்பித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஒரு வரியை அணைத்துவிட்டேன். மிச்சம் கிடந்தால் கிடக்கட்டும், சத்தம் போடாமல் போய்க்கொண்டே இரு. பெட்டி உடனே கிளம்பியது, முதலாளியும் நகர்ந்தார். பிறகு வந்து அதைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன், போடவில்லை.

மலைப் பெட்டிகளுக்குப் புதுப் புரோகிராமை அனுப்பியது ஒரு வேலைநாள் காலை, ஒன்பதரை மணி இருக்கும். பெட்டிகள் ஒவ்வொன்றாக நின்று, மறுபடி கிளம்பின. திரையில் எல்லாம் பச்சை. ஜம்மென்று கீழே இறங்கிப்போய் டீயும் மசால்வடையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பதினொன்றுக்கு மேல் மலையிலிருந்து போன். சுகாதார நிலையத்து நர்ஸ்.

“இன்னா லைன் குடுக்குறீங்க நீங்க?” என்றுதான் எடுத்ததும் கேட்டார். “காலைலேந்து வீடியோ நின்னு நின்னு வருது. பெரியவரு ஒருத்தருக்கு நெஞ்சுவலி. டவுன் டாக்டருக்கு ஈசிஜி அனுப்புறேன், அனுப்புறேன், போவவே இல்ல. கடைசில வண்டில ஏத்தி உட்டுட்டேன். இத்தினி வளைவு எறங்கி அவரு போயி சேரணும்.”

பெரியவர் பிழைத்துக்கொண்டார். கீழே ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்துவிட்டு வீடு திரும்பினார். ஆனால் அவர் பிழைத்ததே அன்றைக்குச் சாயங்காலம்வரை எங்களுக்குத் தெரியாது. நான் பெட்டிக்குள் நுழைந்து பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கிற மாட்யூலிடமே, உனக்குக் கொடுத்திருக்கிற வேகம் என்ன என்று கேட்கலாம். கேட்டேன். இரண்டு என்றது. எட்டு இருக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னால் அங்கே வீடியோவில் டாக்டரைப் பார்க்கிற ஏற்பாடு வந்தபோது, இரண்டை எட்டாக மாற்றச் சொல்லிப் போனில் சொன்னது நான்தான். அந்த இரண்டுக்குள் காலையில் மருந்துக் கணக்கு, தடுப்பூசிக் கணக்கு, வீடியோ, ஈசிஜி எல்லாம் முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல், ஓடும்போதே எண்ணை எட்டாக்கிவிட்டேன்.

“ரெண்டுல ஓடிக்கினு இருந்துச்சி சார். இப்ப சரி பண்ணிட்டேன்.”

“யாரு ரெண்டு போட்டது?” என்றார் முதலாளி. “காலைல நீ அனுப்புனியே, அதனால இல்லியே?”

“மத்த டவரெல்லாம் நல்லாத்தான சார் ஓடுது?”

கீழே இருக்கிற டவர்களைத்தான் பார்த்திருந்தேன். மலையில் மற்ற லைன்களும் குறைந்துதான் போயிருந்தன, வீடுகளிலிருந்து யாரும் அதற்குள் கூப்பிடவில்லை. முதலாளிக்கு அந்தப் பதில் போதுமாயிருந்தது. “அப்ப அங்க கைய வெச்சது அந்த ஆளுதான். வேற யாரு இருக்கா?” என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் இறங்கி வந்தார். தேய்த்த சட்டை போட்டிருந்தார். முதலாளி உட்காரச் சொல்லவில்லை. என் மேஜை அதே அறையில், நான்கு அடி தள்ளி.

“நான் எட்டுதாங்க போட்டேன்” என்றார் அவர். “ரெண்டுக்குப் பக்கத்துல எட்டு. ரெண்ட அழிக்கல. கடைசியா எழுதினதுதான் நிக்கும்னு மேடம் சொன்னாங்க. மூணு மாசமா அப்படித்தானங்க ஓடிக்கினு இருந்துச்சி? நான் அந்தப் பெட்டியத் தொட்டே பத்து நாளாவுது.”

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம், ஊகம் என்றெல்லாம் இல்லை. நான் எழுதிய அந்த வரி அப்படியே கண்முன்னால் வந்து நின்றது. தேடு, கிடைத்ததும் நிறுத்து. 

முதலாளி என் பக்கம் திரும்பினார். “இன்னாம்மா சொல்றான் இவன்?”

“ஃபைலப் பாத்துட்டு சொல்றேன் சார்” என்றேன்.

நான் சொன்னது அது ஒன்றுதான். பார்க்கவேண்டிய அவசியமே எனக்கு இல்லை. நான் பார்த்துச் சொல்லும்வரை முதலாளி காத்திருக்கவும் இல்லை. “பெரியவரு செத்திருந்தா எவன் பதில் சொல்றது? சாவிய வெச்சிட்டுப் போ” என்றார். டவர் பெட்டிகளின் சாவிக்கொத்தை மலைக்காரர் இடுப்பிலிருந்து கழற்றினார். முதலாளியின் மேஜையில் வைக்காமல் என் மேஜையில் வைத்தார். “வரேன் மேடம்” என்றார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் படியிறங்கிய சத்தம் நின்ற பிறகு ஃபைலைத் திறந்தேன். வேகம் இரண்டு, வேகம் எட்டு. அவர் சொன்னதுபோலவே இருந்தது. அன்று மதியத்துக்குள் பார்சரைத் திருத்திவிட்டேன். பத்து வரிகூட இல்லை. கடைசியில் எழுதியது நிற்கும்படி மாற்றினேன், களமருதூரின் வேண்டாத சொற்களை அழித்துவிட்டு, மிச்சம் கிடந்தால் சத்தம் போடுகிற வரியையும் திரும்பப் போட்டேன். எந்த மாற்றம் செய்தாலும் என்ன, ஏன் என்று ஒரு குறிப்பு எழுதிவைப்பது எங்கள் வழக்கம். ‘சிறு திருத்தம்’ என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு சமாதானம். இன்றைக்கு முதலாளி கோபமாக இருக்கிறார், நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு அவர் உளுந்தூர்பேட்டை போய்விட்டார். பெரியவர்தான் நன்றாக ஆகிவிட்டாரே. மலைக்காரருக்கு நிலம் இருக்கிறது, மரவள்ளி போட்டிருக்கிறார், இந்தச் சம்பளத்தை நம்பியா இருக்கிறார்? இதையெல்லாம் உண்மையிலேயே நினைத்தேன். சென்னையில் என்னை அனுப்பியபோது, எனக்கு வீடு இருக்கிறது, அப்பா இருக்கிறார், இந்தச் சம்பளத்தை நம்பியா இருக்கிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் நாக்கைப் பிடுங்கியிருப்பேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா, “ஒடம்புக்கு இன்னா?” என்று கேட்டதற்கு அவர்மேல் எரிந்து விழுந்தேன். தப்பு செய்தவளுக்குக் கோபம் மட்டும் குறையவே இல்லை.

பத்தாவது நாள் போல நர்ஸ் வேறு எதற்கோ கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, “அந்த ஆள இப்ப ஊர்ல யாரும் வூட்டுக்குள்ள கூப்புடறது இல்லைங்க” என்றார். “ஆஸ்பத்திரி லைன கம்மி பண்ணி அவருக்கு வேண்டப்பட்டவங்க வூட்டுக்குத் திருப்பி உட்டுட்டாருன்னு பேசிக்கிறாங்க. நல்ல மனுஷன்னு நெனச்சேன் நானும்.” நான் “ம்” என்றேன். வேலை போனது எனக்குத் தெரியும். பெயரும் போய்க்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைக் கேட்ட பிறகும் ஏழு நாள் சும்மா இருந்தேன்.

பதினேழாம் நாள், மலைக்குப் புதிதாகப் போட்டிருந்த ஆள் போன் பண்ணினார். கீழே ஊரிலிருந்து போனவர், முதலாளிக்குத் தெரிந்தவர்.

“மேடம், முன்ன இருந்த ஆளு எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா எழுதி வெச்சிருக்கான். வேணும்னே கொழப்பி உட்டுட்டுப் போயிருக்கான் திருட்டுப்பய.”

“மரியாதையா பேசு” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “யாரப் பாத்து திருட்டுப்பயன்ற? அவரு எழுதினதுல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது.”

வாயிலிருந்து வந்துவிட்டது.  “இன்னா மேடம் சொல்றீங்க?” என்றார் அவர். யார்மேல் கத்தவேண்டுமோ அவளை விட்டுவிட்டு இந்த மனுஷன்மேல் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. போனை வைத்துவிட்டு எழுந்து நான்கு அடி நடந்து முதலாளி முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அணைத்துவைத்த வரியையும் சொன்னேன், மறுநாளே தெரிந்ததையும் சொன்னேன்.

 முதலாளி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இத வெளிய சொல்லிக்கினு இருக்காத” என்றார். “ஆளு தப்புன்னா, ஆள மாத்தியாச்சின்னு சொல்லலாம். புரோகிராமு தப்புன்னா எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது?”

“அவர மறுபடி கூப்டுக்கலாம் சார்.”

“பாக்கலாம். ஒரு ரெண்டு மாசம் போவட்டும்.”

என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. திட்டக்கூட இல்லை. எந்த வேலை போய்விடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேனோ, அது அசையாமல் அங்கேயே இருந்தது. எனக்குக் கேவலமாக இருந்தது. நாளைக்கு லீவு வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். எனக்கு ஒரு சீட் தள்ளி இரண்டு பெண்கள் முட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூட்டுவலித் தைலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பஸ் வளைவு வளைவாக ஏறியது. அந்தப் பெரியவரை இதே வழியில்தான் கொண்டுபோயிருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிமலையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, வழி கேட்டுக் கேட்டு அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை.

அவர் இல்லை. ஆத்தூர் பக்கம் மாவு மில்லுக்குப் போகிற லாரியில் மரவள்ளி ஏற்ற, பக்கத்துக் கொல்லைக்குப் போயிருந்தார். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து, நடுவதற்கு மரவள்ளிக் குச்சிகளைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கத்தி நிற்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். அவசர அவசரமாகச் சொன்னேன், பாதி அவருக்குப் புரிந்திருக்காது. முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“பெட்டி, வரி, முன்ன எழுதினது, பின்ன எழுதினது, எனக்கு ஒன்னும் புரியலைங்க. ஒன்னு மட்டும் சொல்லுங்க. என் வூட்டுக்காரரு மேல தப்பு இருக்குதா, இல்லியா?”

“இல்லைங்க. தப்பு என்மேலதான்.”

“அத எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? நான் எப்ப அவரு மேல தப்புன்னு சொன்னேன்?” எழுந்து சேலையை உதறினார். “நர்சம்மா கிட்ட வந்து சொல்லுங்க. மாத்திரைக்கு ஆளுங்க உக்காந்திருப்பாங்க. அவங்க எல்லாரும் கேக்க சொல்லுங்க.”

பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அவரைக் கூட்டிவரச் செய்தார். அவர் தோளெல்லாம் செம்மண்ணோடு வந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க மேடம்” என்றார், போனில் சொல்வதுபோலவே. மனைவி விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். 

“இன்னாத்துக்கு அவங்களப் போயி அங்க இஸ்துக்கினு... உடு” என்றார் அவர்.

“நீ சும்மா இரு” என்றார் மனைவி.

மூன்று பேரும் நடந்தோம். சுகாதார நிலையத்துத் தாழ்வாரத்தில் நீளமான பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் மாத்திரை உறையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வயசானவர். அவர்தான் அந்தப் பெரியவர் என்று மனைவி என் காதருகே சொன்னார்.  நர்ஸ் வெளியே வந்தார். எல்லோரும் முதலில் என்னோடு வந்த மலைக்காரரைத்தான் பார்த்தார்கள். ஒருவரும் வா என்று சொல்லவில்லை.

நான் மாட்யூல், ஆர்குமெண்ட் என்று ஆரம்பித்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. அங்கேயும் நான் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். “நேரா சொல்லுங்க” என்றார் நர்ஸ்.

“அன்னிக்கு லைன் கம்மியானது என்னாலதான்” என்றேன். “இவரு எட்டுன்னு சரியாத்தான் எழுதி வெச்சிருந்தாரு. நான் ஆபீஸ்ல ஒன்னு மாத்துனேன். அது இவரு எழுதினத எடுத்துக்கல. இவரு அந்தப் பெட்டியத் தொடவும் இல்ல, யாரு வூட்டுக்கும் எதையும் திருப்பி உடவும் இல்ல.”

 பெரியவர் மாத்திரை உறையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“அப்ப இவன் ஒன்னும் பண்ணல.”

“இல்லைங்க.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“மறுநாளே தெரியுங்க. இவரு ஆபீசுக்கு வந்து சொன்னப்பவே தெரியும்.”

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

பஸ்ஸில் வரும்போது இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். சென்னை, ஊர், வேலை, முதலாளி என்று நிறைய இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

“பயந்துட்டேங்க” என்றேன்.

 பெரியவர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. என்னிடம் கேட்கவேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெஞ்சில் கையை ஊன்றி, கஷ்டப்பட்டு ஒரு பக்கமாக நகர்ந்தார்.

“நான் ஆஸ்பத்திரிலேந்து வந்தப்ப நீ வூட்டுக்கு வந்து பாத்த. ஒரு வாய் தண்ணி குடுக்கல ஒனக்கு. வெளியவே நிக்கவெச்சி அனுப்புனோம்” என்றார் மலைக்காரரிடம். “வா, வந்து உக்காரு.”

அவர் தயங்கினார். தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் இருந்தவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். பெரியவர் அவர் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு, கிழங்கு இந்தத் தடவை எப்படி என்று கேட்க ஆரம்பித்தார். அவர் மனைவி தூணோரம் நின்று முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். நர்ஸ் உள்ளே போய் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.